கடவுச்சொல் கேட்ட பாட்டுகள்

இன்று அம்மாவின் அலுமாரியை ஒதுக்கும்போது பாட்டுக் கேட்கிற அந்தச் சின்னப் பிளேயர் அகப்பட்டது. காதில் வைக்கும் பஞ்சு பொடிந்து விரலெல்லாம் கறுப்பாய் ஒட்டியது. அண்ணா, செத்தவர்களோடு கோபிக்கக்கூடாது என்பார்கள். நான் உங்களோடு கோபிக்கிறேன்.

கண் ஒப்பரேசன் முடிந்து அம்மா கொழும்பில் என் வெள்ளவத்தை வீட்டில் படுத்திருந்தா. அவவுக்கென்று நீங்கள் லண்டனில் இணையத்தில் வாங்கிய பாட்டுகளைச் சீடியில் போட்டு, இங்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினீர்கள். நான் வாங்கிய பிளேயர் எம்பி3 மட்டுந்தான் பாடும். உங்களுடையவை வேறு வகை, பூட்டுப் போட்டவை. கணினியில் திறந்தாலும் நீங்கள் அவற்றை வாங்கிய இணையக் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டன.

“எம்பி3 ஆக்கி அனுப்புங்கோ அண்ணா” என்றேன்.

“களவுப் பாட்டுக் கேக்கிற பழக்கம் எனக்கில்லை. நல்ல பிளேயரா ஒண்டு வாங்கு.”

ஒருகொடவத்தைக் கொள்கலன் யார்டில் கிளார்க்காய் இருந்தவனுக்கு நீங்கள் சொன்ன பிளேயர் எட்டாது. பம்பலப்பிட்டியில் மாற்றித் தரும் கடையொன்று இருக்கிறதென்று கேள்விப்பட்டுச் சீடியோடு போனேன். சண்டைக்காலம்; காலி வீதிச் சோதனைச்சாவடியில் தமிழனென்று பஸ்ஸிலிருந்து இறக்கி, பையில் சீடியைக் கண்டு பொலிசுக்குக் கொண்டுபோனார்கள். பொலிஸ் ஸ்டேசன் கணினியிலும் ஒவ்வொரு பாட்டும் கடவுச்சொல் கேட்டது.

“பாட்டு என்றால் ஏன் பாடவில்லை?” அதிகாரி சிங்களத்தில் கேட்டார். எனக்குச் சிங்களம் நன்றாய் வரும். பூட்டு உங்களுடையது, உங்களைக் கேட்டால் திறக்கலாம் என்று விளங்கப்படுத்தினேன்.

உங்களோடு பேச விட்டார்கள்.

“அண்ணா, பொலிசிலை நிக்கிறன். பாஸ்வேர்டைச் சொல்லுங்கோ, ஒரு பாட்டுத் திறந்தால் விட்டிடுவாங்கள்.”

“அதிலை என்ரை பாங்க் கார்ட் விபரம் எல்லாம் கிடக்கு. பொலிசுக்கு எப்பிடிக் குடுக்கிறது? நீ ஆறுதலா விளங்கப்படுத்து” என்று வைத்துவிட்டீர்கள். பிறகு எடுத்தபோது மணி அடித்துக்கொண்டே இருந்தது.

உள்ளே என்ன நடந்ததென்று உங்களுக்கு நான் சொன்னதில்லை. நீங்கள் கேட்கவுமில்லை. வெளியே எதிர்ப்பக்க நடைபாதையில் கண்ணில் மறைப்போடு அம்மா சோற்றுப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாவாம். கடைசியில் என் யார்ட் மனேஜர், ஒரு சிங்களவர், தன் பெயரில் கையெழுத்து வைத்து என்னை வெளியே எடுத்தார்.

அடுத்த கிழமை நீங்கள் கோல் எடுத்தீர்கள். “நான் சொன்னனான்தானே, விளங்கப்படுத்தினா விடுவாங்களெண்டு.” அம்மா சிரித்துச் சிரித்து உங்களோடு கதைத்தா. நான் எழுந்து வெளியே போனேன்.

உங்கள் செத்தவீட்டன்று அண்ணி லண்டனிலிருந்து போனில் என்னை ரண்டு சொல்லுச் சொல்லச் சொன்னா, எல்லோருக்கும் கேட்கும்படி. “அண்ணா ஒருத்தருக்கும் கெடுதல் செய்யாத மனுசன்” என்றேன். அங்கே யாரோ விம்மியது கேட்டது. சொல்லாமல் விட்ட மிச்சத்தை இன்னும் நான்தான் வைத்திருக்கிறேன்.