அப்பா படுத்திருக்கும் கரை

அன்புள்ள லோர்னாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் பிள்ளைகளும் ஹாலிஃபாக்ஸ் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம், முழங்கால் மட்டும் மழைக்கு முன்பே முணுமுணுக்கிறது. அப்பாவின் கல்லறையோடு சபையின் கரை நிலத்தை யாருக்கோ தூக்கிக் கொடுக்கப் போகிறீர்களாமே என்று எழுதியிருந்தாய். படித்ததும் கோபம் வந்தது, பிறகு அழுகையும் வந்தது. யாருக்கோ இல்லை கண்ணே, அது யாருடையதோ அவர்களுக்கு.

நம் சபையில் ஞாயிறுதோறும் இது இந்தக் கரையின் ஆதிகுடிகளான சேலிஷ் மக்களின் மண் என்று வாசித்துவிட்டுத்தான் மௌனத்தில் அமர்கிறோம். வாசிக்கிறோமே தவிர, கரைக்குப் போகும் கேட்டில் நம் பூட்டுத் தொங்குகிறது, அவர்கள் மட்டி எடுக்க ஊரைச் சுற்றிப் போகிறார்கள். போன மாதம் மன்னிப்புக் கேட்பதற்கென்றே அவர்கள் பக்கத்திலிருந்து வெர்னாவை அழைத்தோம். மீன்குஞ்சுப் பண்ணையில் வேலை செய்கிறவள், மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள். யாருக்கு உள்ளிருந்து உந்துதல் வருகிறதோ அவர் எழுந்து பேசட்டும் என்று வழக்கம்போல எல்லோரும் கண்ணை மூடி உட்கார்ந்தோம். ஒருவருக்கும் வரவில்லை. நேரம் முடிந்ததும் கைகுலுக்கி எழுந்துவிட்டோம். டீ குடிக்கும்போது வெர்னா, "மன்னிப்புக் கேக்கக் கூப்பிட்டீங்கன்னு ஷிப்ட்டை மாத்திக்கிட்டு வந்தேன், ஒருத்தர்கூட வாயத் தொறக்கலையே. போகட்டும், பிஸ்கட்டாவது நல்லாருக்கு" என்றாள். எனக்கு மானமே போய்விட்டது.

அடுத்த கூட்டத்தில் நானே எழுந்து, வாசித்தது போதும், நிலத்தைத் திருப்பிக் கொடுப்போம் என்றேன். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள், ஆல்டன் மட்டும் மறுத்தார். ஓட்டெடுப்பா இருக்கிறது நம்மிடம், ஒருவர் மறுத்தால் அப்படியே நிற்க வேண்டியதுதான். "கிளிஃப் அங்க படுத்திருக்கான் மியூரியல், நாளைக்கு அவங்க கேட்டைச் சாத்திட்டா எங்க போய் நிப்ப?" என்றார். அப்பாவின் சிநேகிதர் அல்லவா, பாசத்தில் சொன்னதுதான். என் பெயரைச் சொல்லித் தடுக்காதீர்கள் என்றேன். அதற்கு அவர், "லோர்னாவும் சரின்னு எழுதட்டும், நான் விலகிக்கிறேன்" என்றார். ஆகவே இப்போது உன் ஒரு வார்த்தையில்தான் எல்லாம் நிற்கிறது. நான் பின்வாங்கப் போவதில்லை, அடுத்த கூட்டத்திலும் எழுந்து நிற்பேன், அதற்கடுத்ததிலும்.

ஆல்டன் கேட்டது மனதை அரித்துக்கொண்டே இருந்ததால் நேற்று வெர்னா வீட்டுக்கே போய், நிலம் உங்கள் கைக்கு வந்த பிறகும் நான் உன் அப்பாவைப் பார்க்க வரலாமா என்று கேட்டுவிட்டேன். அடுப்பில் கிடந்த சால்மன் மீனைத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் பதில் சொன்னாள். "எங்க ஆளுங்களும் அங்கதான் படுத்திருக்காங்க, கல்லு வைக்கல, அவ்வளவுதான். நாங்கதான் பூட்டுக்கு வெளிய நிக்கிறோம். நீங்க வாங்க, சொல்லிட்டு வாங்க" என்றாள். இத்தனை வருஷம் அங்கே நான் உன் அப்பாவுக்கு மட்டும் பூ வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன், லோர்னா.

கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன், பெட்டியில் வைத்துவிடாமல் போட்டுக்கொள். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள், நீங்கள் எல்லோரும் நிறைவாக வாழ வேண்டும். ஆல்டனுக்கு இந்த வாரமே எழுதிவிடு. வசந்தத்தில் வரும்போது நாம் முதலில் வெர்னாவிடம் கேட்போம், பிறகு அப்பாவிடம் போவோம்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா மியூரியல்