கூட்டம் சேர்த்துக் கொடுப்பவள்

14-3-1980, வெள்ளி

மாலையில் கீழ்பென்னாத்தூரில் கட்சிக் கூட்டம். தலைவர் வரத் தாமதமானதால், கூட்டம் கலையாமலிருக்க நாடக வசனம் பேசச் சொல்லி என்னை மேடையேற்றினார் செயலாளர். முன்வரிசையில் காலிக் குடங்களோடு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் வசனத்தை விட்டுவிட்டு அவர்களுடைய தண்ணீர்க் கஷ்டத்தைப் பேசினேன். இருபது வருடமாக நாடகங்களில் யாரோ எழுதியதைப் பேசியவள், இன்றுதான் சொந்தமாகப் பேசினேன்.

இறங்கியதும் ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீயே எலெக்‌ஷன்ல நில்லுக்கா. நாங்கல்லாம் உனக்குத்தான் போடுவோம்."

திரும்பும்போது வேனில் செயலாளரிடம் கேட்டுவிட்டேன். "அடுத்த வாட்டி எனக்கு ஒரு சீட்டு கேட்டுப் பாருங்களேண்ணா."

அவர் சிரித்தார். "நாடகத்துல நடிக்கிற பொம்பளைக்கு எதுக்கும்மா சீட்டு? நீ கூட்டம் சேர்த்துக் குடு, போதும்."

அவரும் ஒரு காலத்தில் எங்கள் நாடகக் குழுவில் ராஜா வேஷம் போட்டவர்தான். திருவண்ணாமலை வரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

சற்றுமுன் இந்தப் பக்கத்தின் ஓரத்தில் என் பெயரை எழுதி, அதன்கீழ் வேட்பாளர் என்று எழுதிப் பார்த்தேன். அடித்துவிடலாம் என்று அதன்மேல் பேனாவை வைத்தேன். மனம் வரவில்லை. இருக்கட்டும்.