கடைசிப் பக்கத்துக்கு வந்த விளம்பரம்

மட்டக்களப்பு
14.5.1935

அன்பு மகன் நோபேட்டுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் ஊரைப் பிடித்த காய்ச்சல் நம் வீட்டு வாசலை மிதிக்கவில்லை, நானும் அப்பாவும் சுகம். சிங்கப்பூரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க மன்றாடுகிறோம்.

நம் பத்திரிகை சாகவில்லை மகன், அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். கொழும்புக் கம்பனியின் காய்ச்சல் மருந்துப் போத்தல் விளம்பரத்தை விட்டுவிடாதீர்கள், கடைசிப் பக்கம் முழுவதற்கும் காசு தருகிறவனை விட்டால் அச்சுக்கூடத்தைப் பூட்ட வேண்டியதுதான் என்று எனக்குப் புத்தி சொல்லியிருந்தாய். உன் கடிதம் வருமுன்னே நிறுத்திவிட்டேன். அந்த விளம்பரத்தைப் பிடித்து வந்தவளும் நான்தான், முகம் சுளித்த அப்பாவின் வாயை அடைத்தவளும் நான்தான். காத்தான்குடியில் அசனார் காக்கா தன் தேத்தண்ணிக் கடையில் நெசவுக்காரருக்கு நம் பத்திரிகையை உரத்து வாசிப்பது உனக்குத் தெரியும். செய்தி, விளம்பரம் எல்லாம் ஒரே மூச்சு, அடிவரிவரை. அதைப் பெருமையாகச் சொல்லித்தான் கம்பனிக்காரனிடம் காசு கூடக் கேட்டு வாங்கினேன். கேட்டிருந்தவர்களுக்கு எது செய்தி, எது காசுக்குப் போட்டது என்று எப்படித் தெரியும்? தறி நெய்கிற ஹவ்வா உம்மா, ஆஸ்பத்திரியில் சும்மா கொடுத்த கொயினா மருந்தை ஒதுக்கிவிட்டு, காதுத் தோட்டை விற்று மகள் றமீஸாவுக்கு அந்தப் போத்தலைப் பருக்கியிருக்கிறாள். ஏழு வயதுப் பிள்ளை நினைவு தப்பி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நான் போய் நின்றபோது, பேப்பர்லதானே கா சொல்லியிருந்திச்சு, நீங்க பொய் எழுத மாட்டீங்கதானே என்று தாய் கேட்டாள். வெட்கத்தில் செத்தேன் மகன்.

அந்தக் கிழமையே முதற் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டோம், அந்தப் போத்தல் காய்ச்சலை மாற்றாது, காசுக்காக அச்சிட்டது எங்கள் பிழை, எல்லாரும் கொயினா வாங்குங்கள் என்று. அசனார் காக்கா மூன்று தரம் வாசித்தாராம். கம்பனிக்காரன் வழக்கு என்று தந்தி அடித்தான். போடா என்றேன். அவனைப் பார்த்துப் பட்டணத்துக் கடைக்காரரும் விளம்பரம் தராமல் விலகினார்கள். நான்கு கிழமை கடைசிப் பக்கம் வெள்ளையாகவே போனது, அப்பா அதை மடிப்பதைப் பார்க்க எனக்கு நெஞ்சு பொறுக்காது. ஆனால் தன் பிழையைத் தானே சொன்ன பத்திரிகை என்று களுவாஞ்சிக்குடியிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் ஆட்கள் தேடி வந்து வாங்கத் தொடங்கினார்கள். முந்நூறு போன இடத்தில் இப்போது எழுநூறு போகிறது!

நேற்று ஹவ்வா உம்மா றமீஸாவோடு அச்சுக்கூடத்துக்கு வந்தாள். பிள்ளை நடந்து வந்தது மகன், தன் காலால் நடந்து வந்தது. தான் நெய்த புதுச் சாரன் ஒன்றை மேசையில் வைத்து, அந்த வெறும் பக்கத்துல எண்ட விளம்பரத்தப் போடுங்க, கூலி இதுதான் என்றாள். வேண்டாம் என்றேன். போத்தல்காரன்ட வாங்கினீங்க, எண்டத வாங்க மாட்டீங்களா கா என்று மடக்கிவிட்டாள். வாங்கிக்கொண்டேன். அப்பா அதையே உடுத்துக்கொண்டு அச்செழுத்துக் கோத்தார்.

நுளம்பு வலை இல்லாமல் படுக்காதே. பீற்றிஸ் மாமிக்கு இரண்டு வரி எழுது, கோபமாக இருக்கிறா. ஆண்டவர் உன் போக்கையும் வரவையும் காப்பாராக. மை காயாத முதல் தாளை இத்துடன் வைக்கிறேன். முழுப் பக்கத்துக்கும் ஒரே விளம்பரம்தான், அடிவரிவரை உரத்து வாசி:

என் மகள் றமீஸா கொயினா குடித்துச் சுகமானாள். ஆஸ்பத்திரியில் சும்மா கொடுக்கிறார்கள். போய் வாங்குங்கள். காத்தான்குடி ஹவ்வா உம்மா.

உன் அன்பு அம்மா,
மார்கிறட் பிலிப்பு