அணைக்கக் கூடாத அடுப்பு

அன்புள்ள கற்பகத்துக்கு உன் வீட்டுக்காரன் ஏழுமலை எழுதுவது. நான் சௌக்கியம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? உன் வாய்க்கு ஒன்றும் ஆகியிருக்காது, அது தெரியும். பனி கொட்டுவதால் இந்த மலையில் போனுக்கு டவர் இல்லை.

ஓட்டலில் என்னோடு சமைக்கும் திருவல்லிக்கேணி மதிவாணனும் நானும் ஒரே அறையில் இருக்கிறோம். குளிருக்காக முதலாளி விறகு அடுப்பு வைத்துக் கொடுத்திருக்கிறார். இரும்புப் பெட்டி மாதிரி இருக்கும், புகை குழாய் வழியாக வெளியே போய்விடும். முதல் நாள் நான்தான் பற்றவைத்தேன். அறை நம் ஊர் சித்திரை மாதிரி ஆகிவிட்டது. படுக்கும்போது வழக்கம்போல ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி அணைத்தேன்.

காலையில் மதிவாணன் பல்லெல்லாம் நடுங்க, "இன்னா நைனா, இது சோறாக்கற அடுப்பா? விடியற வரிக்கும் எரியணும். தண்ணிய ஊத்தி வச்சிகீறியே!" என்று கத்தினான்.

"கொதி வந்துடுச்சுன்னு எறக்கிட்டேன் மச்சி" என்றேன். சிரித்துவிட்டான்.

அவனிடம் வேறு என்ன சொல்வேன்? குடிசை தீப்பிடித்து நம் பொண்ணு அமுலு போன நாளிலிருந்து, ஒரு கங்கு மிச்சமிருந்தாலும் நமக்குத் தூக்கம் வராதே. இப்போது அடுப்பு விடியும்வரை எரிகிறது. அவன் குறட்டை விடுகிறான், நான் காவல் இருக்கிறேன். சம்பளமில்லாத வாட்ச்மேன்!

கவலைப்படாதே, பகலில் கொஞ்சம் தூங்கிக்கொள்கிறேன். உன் பழைய புடவை இரண்டு அனுப்பு. போர்த்திக்கொண்டால் அடுப்பே வேண்டாம் என்று அவனிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

கீழே போகிற லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார், இதை அவரிடம்தான் கொடுக்க வேண்டும். காஸை மூடிவிட்டுப் படு. நான் இருந்தால் எழுந்து இன்னொரு தரம் பார்ப்பேன் இல்லையா, அதையும் நீயே பார்த்துவிடு.

ஏழுமலை