பையில் மருந்து போட்டது யார்?

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும், இங்கே எல்லோரும் சுகம், என்னிடம் அடி வாங்கியவர்கள் உட்பட. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நேற்றுச் சாயங்காலம் உன் அப்பா மேல் சீப்பை எறிந்தேன், அது குறி தவறி உன் அத்தையின் கொண்டையில் போய்ச் செருகிக்கொண்டது.

பின்னே என்னடி? குடலை வெட்டியெடுத்ததிலிருந்து மார்பில் போட்ட குழாய் வழியாக ரத்தத்தில் ஏறுகிற சத்துப் பைதான் எனக்கு மூன்று வேளைச் சாப்பாடும். மாப்பிள்ளை இன்னமும் போனில் "நல்லா சாப்பிடுங்க" என்கிறார், நீயாவது எடுத்துச் சொல். மாட்டுவதற்கு முன் பைக்குள் வைட்டமின் மருந்தை ஒரே ஒரு தடவை ஏற்ற வேண்டும், ஏற்றினால் வெள்ளைப் பை இளமஞ்சளாகும். நேற்று விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் மஞ்சளோ மஞ்சள். யார் போட்டது என்றேன். நான்தான் போட்டேன்னு நினைக்கிறேன் என்றார் உன் அப்பா. அண்ணன் மறந்திருப்பாருன்னு நானும் போட்ட மாதிரிதான் ஞாபகம் என்றாள் அத்தை. ஒருத்தர் நினைப்பும் இன்னொருத்தி ஞாபகமும் என் ரத்தத்தில் இறங்கப் பார்த்திருக்கிறது! வைட்டமின்தானே, ரெண்டு தடவை போனா தெம்பு கூடும் என்று அந்த மனுஷன் வாயைத் திறந்தபோதுதான் சீப்பு பறந்தது. காலிக் குப்பியையாவது காட்டுங்கள் என்றால், அத்தைதான் சுத்தக்காரியாயிற்றே, குப்பையை அப்போதே கொட்டிவிட்டாள். நர்ஸுக்குப் போன் போட்டேன். சந்தேகம்னா மாட்டவே கூடாது, தூக்கிப் போட்டுட்டு வேற பை எடுங்க என்று பிடி பிடியென்று பிடித்தாள். அடுத்த வாரத்திலிருந்து அதே பையில் இன்சுலினும் சேர்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர், அதையும் இவர்கள் நினைத்து நினைத்துப் போட்டால் நான் போய்ச் சேர வேண்டியதுதான். இனிமேல் ஒருத்தர்தான் போட வேண்டும், மற்றவர் பக்கத்தில் நின்று பை மேலுள்ள பேரையும் மருந்தையும் அளவையும் உரக்கப் படிக்க வேண்டும், போட்டவர் அங்கேயே பை மேல் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். உன் அப்பா, இது என்ன கச்சேரியா என்கிறார். நீ போன் போட்டுத் திட்டு, நான் திட்டினால் அவருக்கு அது மின்விசிறிச் சத்தம்.

நீ வேளாவேளைக்கு வாயால் சாப்பிடு, உனக்கு அந்த வசதி இருக்கிறது. இருவரும் நூறு வயசு நன்றாக இருங்கள். திட்ட மறக்காதே.

இப்படிக்கு,
உயிரோடும் கோபத்தோடும் இருக்கும்
அம்மா

பின்குறிப்பு: இப்போதுதான் விளக்கைப் போட்டேன். உன் அப்பா நேற்று மதியம் இந்த அறைக்குப் புது பல்பு மாட்டியிருக்கிறார், மஞ்சள் பல்பு. இன்னும் மருந்தே போடாத இன்றைய பையும் மஞ்சளோ மஞ்சள்.