வேப்பமரத்தடிப் பெஞ்சு

இன்று காலை, எங்கள் தெருவில் புதிதாகத் தொடங்கும் யோகா வகுப்பின் விண்ணப்பத்தைப் பேத்தி என்னிடம் நீட்டினாள். பெயர், வயது, உயரம், எடை. அதற்குக் கீழே மாதவிலக்குத் தேதி. அந்த நாள்களில் மாணவியர் பின்வரிசையில் தனியே அமர வேண்டுமாம். அரை நூற்றாண்டு கழித்தும் இதே அறிவு. படித்ததும் உங்கள் மீதுதான் எனக்குக் கோபம் வந்தது, டீச்சர். இறந்தவர் மீது கோபப்படக் கூடாதென்று யாரும் சட்டம் இயற்றவில்லை.

உங்கள் இரங்கல் கூட்டத்தில் எல்லாரும் அந்த ஜமக்காளத்தைப் பற்றியே பேசினார்கள். அறுபதுகளின் இறுதியில், காரைக்குடியில் நாம் வேலை பார்த்த பெண்கள் பள்ளியில் நீங்கள் டிரில் டீச்சர். கண்டனூர்ப் பெரிய வீட்டுப் பெண்களையும், களை பறித்துவிட்டுப் பள்ளிக்கு வந்த பெண்களையும், துணி வெளுப்பவர் மகளையும் ஒரே ஜமக்காளத்தில் புஜங்காசனம் செய்யவைத்தீர்கள். "எம்மகள யாரு பக்கத்துல படுக்கப் போட்டீக?" என்று கேட்டு வந்த ஆச்சியிடம், "மூச்சு விடுறவுக பக்கத்துல ஆச்சி" என்றீர்கள். உண்மை, நானும் அங்கே நின்றேன். ஆனால் பெஞ்சைப் பற்றிக் கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

விலக்கான பெண்கள் மூன்று நாள் ஆசனம் செய்யாமல் வேப்பமரத்தடிப் பெஞ்சில் உட்கார வேண்டும் என்பது உங்கள் விதி. அக்கறையோடுதான் போட்டீர்கள். சாலையில் போகிறவர்களுக்கெல்லாம் அந்தப் பெஞ்சு தெரியும் என்பது உங்களுக்குத் தோன்றவே இல்லை.

ஒன்பதாம் வகுப்பு வள்ளிக்கண்ணு, விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பெண், ஒரு வருடமாக அதில் உட்கார்ந்ததில்லை. ஒருநாள் எல்லார் முன்னிலையிலும் கேட்டீர்கள்: "ஏத்தா, ஒனக்கு மட்டும் அந்த மூணு நாள் கெடையாதா?" பிள்ளைகள் சிரித்தார்கள். பொய் சொல்லத் தெரியாத அவள் எழுந்து போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அவள் வயதுக்கு வந்ததை அவளுடைய தாய் தன் தம்பியிடமே மறைத்து வைத்திருந்தாள். தாய்மாமனுக்குத் தெரிந்தால் சடங்கு. சடங்கு முடிந்தால் அவனுக்கே கல்யாணம். படிப்பு அத்தோடு சரி. அந்த வாரமே அவன் சீர்த்தட்டோடு வந்து நின்றான்.

கேள்விப்பட்டு நாம் இருவரும் போனோம். தாய் நமக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு நின்றபடியே பேசினாள். "பதினோராவது முடிக்கட்டும்னு பொத்திப் பொத்தி வச்சிருந்தேன் டீச்சரு. பெத்தவ மறைச்சத பெஞ்சுல ஒக்கார வச்சு ஊருக்குக் காட்டிட்டீக. இன்னுங் கொஞ்சம் தண்ணி குடிக்கிறீகளா?"

வள்ளிக்கண்ணு திரும்பி வரவில்லை. மறுவாரம் வகுப்பில் சொன்னீர்கள்: "முடியலன்னா முடியலன்னு மட்டும் சொல்லுங்க. ஏன்னு நான் கேக்க மாட்டேன்." ஓய்வு பெறும்வரை கேட்கவில்லை. சரியான விதி. ஒரு பெண்ணின் படிப்பு போன பிறகு வந்த விதி.

இத்தனையையும் உங்கள் தலையில் சுமத்திவிட்டு எழுந்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் பெஞ்சுக்கு முன்பே நீங்கள் ஆசிரியர் அறைக்கு வந்து என்னிடம் கேட்டீர்கள்: "நீங்க விலங்கியல் படிச்சவுக. அந்த மூணு நாளும் புள்ளைக ஆசனம் செஞ்சா ஒடம்புக்கு ஆகாதா?" முடிகிறவள் செய்யட்டும், முடியாதவள் இருந்த இடத்திலேயே ஓய்வெடுக்கட்டும் என்று சொல்ல எனக்குத் தெரியும். மேசையில் விடைத்தாள்கள் குவிந்து கிடந்தன. "ஒங்க வகுப்பு, ஒங்க இஷ்டம்" என்றேன், நிமிராமல்.

அந்த வீட்டு வாசலில் தலைகுனிந்து நின்றபோதும், அதற்குப் பிந்தைய இத்தனை ஆண்டுகளிலும், அதை நீங்கள் ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டவில்லை. அதற்காகவும் உங்கள் மீது எனக்குக் கோபம் இருக்கிறது.