சத்தத்தை நிறுத்திப் பார்த்த ஆப்பிரிக்கா

என் செல்ல அம்மாவுக்கு,

அப்பா தூங்கிவிட்டார். போர்வைக்குள் டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணினால் திட்டாதே. நேற்றுக் காலை அவர் குளிக்கும்போது சாவியை எடுத்து, பீரோவிலிருந்த உன் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டேன். அவருக்கு இன்னும் தெரியாது.

நீ இறந்துபோன பிறகு அப்பா பீரோவைப் பூட்டியே வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறப்பார். உன் புடவை, கண்ணாடி, டிஸ்க் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே வைப்பார். தாம்பரத்தில் உன் கல்லூரியில் இப்போது உன் வகுப்பை எடுக்கும் சார், அஸ்தினாபுரத்தில் நம் வீடு வரை வந்து, ஆப்பிரிக்க வரலாற்றுக்காக நீ சேர்த்து வைத்த ஆவணப்படங்களைக் கேட்டார். "அவளோட பொருள் எதையும் வெளிய தர்றதா இல்ல சார்" என்று அப்பா கதவைச் சாத்திவிட்டார். நான் செய்தது திருட்டா அம்மா?

நேற்று பள்ளி முடிந்ததும் யூனிஃபார்மோடு கல்லூரிக்குப் போய் டிஸ்க்கை நீட்டினேன். "அப்பா குடுத்தாராம்மா?" என்று சார் கேட்டார். தலையாட்டிவிட்டேன். மாலை வகுப்பில் என்னைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்துப் படத்தைப் போட்டார். வெள்ளைக்காரர்கள் எடுத்த பழைய படம். "இது ஆளில்லாத நிலம்" என்று ஒரு குரல் கம்பீரமாகச் சொன்னது. எல்லோரும் அதை அப்படியே நோட்டில் எழுதினார்கள். "இம்பார்ட்டன்ட், அண்டர்லைன் பண்ணிக்கோங்க" என்றார் சார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீ இப்படிப் போடவே மாட்டாயே! முதல் முறை சத்தமே இருக்காது. கண்ணால் பார்த்ததை எழுதிய பிறகுதான் குரல். சாப்பாட்டு மேஜையில் என்னையும் அப்பாவையும் வைத்து எத்தனை முறை ஒத்திகை பார்த்திருக்கிறாய்! பயந்துகொண்டே கையைத் தூக்கினேன். "சார், அம்மா ஃபர்ஸ்ட் சவுண்ட ஆஃப் பண்ணிட்டுதான் போடுவாங்க."

"மேடம் பொண்ணே சொல்லிட்டா, அப்பீலே இல்ல சார்" என்றான் ஒரு அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். சார் கோபப்படவில்லை. சத்தத்தை நிறுத்தி, முதலிலிருந்து போட்டார்.

"சார், நிறுத்துங்க! ஆளே இல்லன்னானே, அந்த வேலிய யாரு போட்டது?" ஓர் அக்கா எழுந்தே விட்டாள். வேலிக்குப் பின்னால் சோளம். சோளத்துக்குள் ஒற்றையடிப் பாதை. ஓரத்தில் ஒரு பெண், கேமராவைப் பார்த்து "போ" என்பதுபோல் கையை வீசினாள்.

"எங்க கூடுவாஞ்சேரி பிளாட் விளம்பரம் மாதிரியே கீது சார்" என்றான் அந்த அண்ணன். "காலி இடம்னு போர்டு வச்சிக்கீறான். எங்க தாத்தா அங்கதான் வேர்க்கடலை போட்டுகினு இருந்தாரு."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அடிக்கோடிட்ட வரியை அடித்துவிட்டு வேறு எழுதத் தொடங்கினார்கள். மணி அடித்தும் வாக்குவாதம் ஓயவில்லை. அந்தப் பெண் யாராக இருப்பாள் அம்மா? உன்னிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

புதன்கிழமை அடுத்த படம். டிஸ்க்கை சாரிடமே விட்டுவிட்டு வந்தேன். நாளை ஞாயிறு. அப்பா திட்டினால் தாங்கிக்கொள்வேன். அழுதுவிட்டால் என்ன செய்வேன்?

இருந்தாலும் அவர் சாவியை எடுக்கும் முன்னே நானே சொல்லிவிடுவேன். சாரிடமும் பொய் சொன்னதை ஒப்புக்கொள்வேன். புதன்கிழமை அப்பாவைக் கையைப் பிடித்து வகுப்புக்கு அழைத்துப் போவேன். நீ சேர்த்த படங்களோடு பிள்ளைகள் போடும் சண்டையை அவரும் ஒரு தடவை கேட்கட்டும். இது சத்தியம் அம்மா.

பயத்தோடும் முத்தத்தோடும்,
உன் ஒரே மகள்